இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவனும், நில அளவைத் துறையில் முப்பத்தேழு வருஷம் வெயிலில் காய்ந்து ஓய்வுபெற்றவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், கூடத்துக் கடிகாரம், ஒரு சிவப்பு பலூன் ஆகிய மூன்று பேரும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையும் அப்படியே. அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நாலு நாளாக நான் போன் செய்கிறேன், நீங்கள் எடுக்கவே இல்லை. அவள் அங்கே வந்து சேராமல் இருந்திருந்தால், முதல் மணியிலேயே எடுத்து, "எங்கய்யா என் தங்கச்சி?" என்று சட்டையைப் பிடித்திருப்பீர்கள். எடுக்காததால் வந்து சேர்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். என் மூளை இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் உங்களிடம் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். என் மேல்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் அப்படியே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அவளை அனுப்பி வையுங்கள் மச்சான். வீடு வீடாகவே இல்லை. நேற்றுக் காலை டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று அவள் கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சமயம் பார்த்து யாராவது இரண்டு பேர் வேலிக்காக அடித்துக்கொள்வார்கள், நான் அளக்கப் போய்விடுவேன். முப்பத்திநாலு வருஷம் இப்படியே ஓடிப்போனது. இந்த வருஷம் நீங்கள், "நானே கூட்டிட்டுப் போறேன் மாப்ள, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொன்னீர்கள். சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போய், ஒரு கீறல் இல்லாம திரும்பக் கொண்டு வந்து வீட்டுல விடுறேன், பாருங்க" என்று சொன்னேன். அந்த வார்த்தையில் முதல் பாதியை நிறைவேற்றிவிட்டேன். மீதிப் பாதிதான் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஏற்பாட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கோயிலைச் சுற்றி நாலு தெரு, தெருவுக்கு ஒரு சந்து, தண்ணீர்ப் பந்தல், கழிப்பறை எல்லாவற்றையும் போட்டு வரைபடம் தயார் செய்தேன். கூட்டத்தில் திருட்டுப் போகும் என்பதால் அவள் போனையும் என் போனையும் வாங்கி ஒரே துணிப்பையில் போட்டு, பையைச் சட்டைக்கு உள்ளே குறுக்காக மாட்டிக்கொண்டேன். அவள், "ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாமே?" என்றாள். "ரெண்டும் ஒரே இடத்துல இருந்தாத்தான் பத்திரம்" என்றேன். ரிட்டயர் ஆனதும் ஆபீஸ் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது நம்பர் வாங்கி இரண்டு மாசம்தான் ஆகிறது, அவளுக்கு அது மனப்பாடம் இல்லை. அதனால் அவள் கையில் போன் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அளவைத் தொழிலில் முதல் பாடம் என்ன தெரியுமா மச்சான்? எதை அளந்தாலும் அசையாத ஒரு குறியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மரம் ஆகாது, வெட்டிவிடுவார்கள். மாட்டுக்கொட்டகை ஆகாது, பிரித்துவிடுவார்கள். பாறை, பாலம், கோபுரம் இப்படி ஏதாவது இருக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று நான் இந்த முறைப்படிதான் யோசித்தேன். கோபுரத்துக்கு நாலு வாசல், குழப்பம் வரும். கடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அந்த ஊரிலேயே பெரியது, கனமானது, எங்கிருந்து பார்த்தாலும் தெரிவது, ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். தேர் ஓடும் என்பது எனக்குத் தெரியாதா? துண்டுப் பிரசுரத்தில் காலை ஆறு மணிக்குத் தேரோட்டம் என்றுதான் போட்டிருந்தது. நாங்களும் ஆறு மணிக்கே போய் நின்றுவிட்டோம். ஆறரை ஆனது, ஏழு ஆனது, மேளம் அடிக்கிறார்கள், வேட்டு போடுகிறார்கள், ஆள் தொடை பருமனுக்கு இரண்டு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர் "இழு! இழு!" என்று கத்துகிறார்கள், தேர் ஒரு விரற்கடை அசையவில்லை. பத்து மணி வரைக்கும் அசையவில்லை. நான் பிரசுரத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத்தின் எடை, சக்கரத்தின் விட்டம், மண்ணில் புதைந்திருக்கும் ஆழம், அதில் பாதிப் பேர் வடத்தை இழுக்காமல் கும்பிட்டுக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், சாயங்காலத்துக்கு முன்னால் அது நகர வழியே இல்லை. கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆகவே பத்து மணிக்கு உங்கள் தங்கையை இடது பின்சக்கரத்துக்கு நாலடி தள்ளி நிறுத்தினேன். "இங்கேயே நில்லு. ஒருவேளை கூட்டத்துல மாறிப்போயிட்டோம்னா இந்தப் பின்சக்கரம்தான் நம்ம இடம். என்ன நடந்தாலும் இதை விட்டு நகராதே" என்றேன். "நீங்க எங்க போறீங்க?" என்றாள். நான் தெருமுனை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றேன். காரணம் இருக்கிறது. அந்தத் தேரின் அகலத்தையும் தெருமுனையின் அகலத்தையும் பார்த்தால், அது திரும்புவதற்கு மூன்றடி இடம் போதாது என்று எனக்குக் காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முப்பத்திநாலு வருஷம் கழிச்சு வந்திருக்கோம், இங்கயும் அளக்கணுமா?" என்றாள். "அஞ்சு நிமிஷம்" என்றேன்.

தெருமுனையைக் காலடியால் அளந்துகொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் ஊரே ஒரே குரலில் அலறியது. திரும்பிப் பார்த்தால் தேர் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலை மாதிரி ஒரு கூட்டம் வந்து என்னை அப்படியே தூக்கி ஒரு சந்துக்குள் தள்ளியது. ஒரு செருப்பு போன இடம் தெரியவில்லை. சந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால், சக்கரத்துக்கு அடியில் மரக் கட்டையைச் செருகுகிற நாலு பேர், ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கொடுத்து, வண்டிமாட்டைத் திருப்புகிற மாதிரி அந்த மலையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றடி இடம் போதாத முனையில் அது எப்படித் திரும்பியது என்பதும் எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

சந்து வழியாகச் சுற்றி, விழுந்தடித்துக்கொண்டு பழைய இடத்துக்கு ஓடினேன். தேர் இல்லை. சக்கரம் புதைந்திருந்த குழி இருந்தது, நசுங்கிய பூ இருந்தது, உடைத்த தேங்காய் ஓடு இருந்தது. உங்கள் தங்கை இல்லை. இப்போது நீங்கள் நடுநிலையோடு சொல்லுங்கள். சந்திக்கும் இடம் என்று நான் சொன்னது எது? அந்த இடம். இடம் என்றால் நிலத்தில் இருப்பது. நிலத்தின் மேல் நிற்கிற சாமான் போய்விட்டால் இடமும் கூடவே போய்விடுமா? வீட்டை இடித்தால் மனை எங்கேயாவது நடந்து போகுமா? நான் சொன்ன இடத்தில் நான் வந்து நின்றுவிட்டேன். அவள்தான் நிற்கவில்லை. இத்துடன் வைத்திருக்கும் வரைபடத்தில் சிவப்பு மசியால் புள்ளி வைத்திருப்பது நான். அவளை நீல மசியால் காட்ட நினைத்திருந்தேன். அவள் எங்கே போனாள் என்று தெரியாததால் வரைபடத்தில் நீலமே இல்லை.

ஒரு போலீஸ்காரர் வந்து, "பெரியவரே, நடுத்தெருவுல நிக்காதீங்க. என்ன வேணும்?" என்றார். "தேர் பக்கத்துல நிக்கச் சொல்லியிருந்தேன், வீட்டுக்காரியைக் காணோம்" என்றேன். "அப்ப தேருக்குப் பக்கத்துல போய்ப் பாருங்களேன்" என்றார். இடம் இதுதானய்யா என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், விசிலை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் நின்றேன். போனில் கூப்பிடலாம் என்று தோன்றி அவள் நம்பரைப் போட்டேன். என் வயிற்றிலேயே மணி அடித்தது. இதற்கு நடுவில் அவள் போன் வேறு சும்மா இருக்கவில்லை. யாரோ தெரியாத நம்பர், திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தது. ரிட்டயர் ஆனவர்களைக் குறி வைத்துப் போனிலேயே பேசி மயக்குகிற கும்பல் ஒன்று இருக்கிறது மச்சான், எங்கள் ஆபீஸ் படவரைவாளர் அப்படித்தான் மாட்டிக்கொண்டு இன்றைக்கும் அழுதுகொண்டிருக்கிறார். தெரியாத நம்பரை எடுக்கவே கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டு வைத்திருக்கிறேன். நான் இருக்கிற நிலைமையில் இவன் வேறயா என்று ஒவ்வொரு தடவையும் கட் பண்ணினேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியதும், சரி, நாமே தேடுவோம் என்று கிளம்பினேன். தேர் வலமாகப் போகிறது, நான் இடமாகப் போனால் நேருக்கு நேர் சந்திக்கலாம், பாதி தூரம் மிச்சம். இந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஊரே வலமாக வருகிறது, நான் ஒருவன் மட்டும் எதிர்த்துப் போகிறேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒருவர் என் நெற்றியில் எதையோ பூசினார். ஒருவர், "சாமி அந்தப் பக்கம் இருக்கு, நீங்க எங்க போறீங்க?" என்று என்னைப் பிடித்துத் திருப்பி விட்டார். மறுபடி திரும்பினேன், இன்னொருவர் திருப்பிவிட்டார். கடைசியில் எந்தப் பக்கம் போகிறேன் என்று எனக்கே தெரியாமல், ஒலிபெருக்கி வைத்திருந்த ஒரு மேடைக்கு முன்னால் போய் விழுந்தேன். மைக்காரர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு காணாமல் போனவர்களைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "காணோம்" என்றேன். "யாரு?" என்றார். "வீட்டுக்காரி. நான் நில அளவையருங்க, சொன்ன இடத்துல நின்னுட்டுத்தான் இருந்தேன், அவங்கதான் இல்லை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்பப் பிரியமாக, "உக்காருங்க தாத்தா, பயப்படாதீங்க, இதோ வந்துருவாங்க" என்று நாற்காலி போட்டார். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நாலு தெருவுக்கும் கேட்கும்படி, "பக்தகோடிகள் கவனத்துக்கு. நீலச் சட்டை அணிந்த, ஒற்றைச் செருப்போடு, வழி தெரியாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நம்மிடம் பத்திரமாக இருக்கிறார். தன்னை நில அளவையர் என்று சொல்லிக்கொள்கிறார். உரியவர்கள் உடனே வந்து அழைத்துச் செல்லவும்" என்று அறிவித்துவிட்டார்!

மச்சான், வழி தெரியாமல்! என்னை! நான் என் வாழ்நாளில் ஒருத்தரிடமும் வழி கேட்டது கிடையாது. நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று நான் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தேனே, அன்றைக்குக்கூட யாரையும் கேட்கவில்லை. உங்கள் பகுதியில் தெரு எண் போட்டிருக்கிற லட்சணம் அப்படி, அது வேறு விஷயம். எழுந்து, "நான் தொலையலை, அவங்கதான் தொலைஞ்சாங்க!" என்று கத்தினேன். "ஆமா தாத்தா, ஆமா" என்று மைக்காரர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, "பாவம், பிள்ளைங்க யாரும் கூட வரலையா?" என்று கேட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, இவர் நம்முடையவரா என்று என் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எவ்வளவு நேரம்தான் தாங்குவது? மைக்காரர் டீ வாங்கத் திரும்பிய நேரத்தில் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

மறுபடி என் குழிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது. "சற்று முன் கிடைத்த நீலச் சட்டைப் பெரியவர் மறுபடியும் காணாமல் போய்விட்டார்" என்றது. அதற்கு மேல் ஏதோ "அவருடைய" என்று ஆரம்பித்தார்கள், மேளச் சத்தத்தில் மீதி காதில் விழவில்லை. விழாததே நல்லது என்று இருந்துவிட்டேன்.

அங்கே நின்றது ஒரு தனிக் கதை. வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்து, "சாமி, ஒரு நிமிஷம் பிடிங்க" என்று எரிகிற கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டார். தட்டைக் கீழே வைக்கலாமா, கூடாதா, எனக்குத் தெரியாது. கையில் தட்டு, நெற்றியில் பூச்சு, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறேன். முதலில் ஒருவர் வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர், அந்த நாலு பேருக்குப் பின்னால் ஒரு வரிசை. ஒரு அம்மா என் காலில் விழவே விழுந்துவிட்டார். நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்றேன், வேறு என்ன சொல்ல? சிலர் என்னிடம் வழி கேட்டார்கள். கழிப்பறை வடமேற்கில் நூற்றிருபது காலடி என்று துல்லியமாகச் சொல்லி அனுப்பினேன். அதில் இரண்டு பேர் திரும்பி வந்து, அங்கே கழிப்பறை இல்லை, கிணறுதான் இருக்கிறது என்று சொன்னார்கள். தட்டுக்காரர் கடைசியில் வந்து, "இவ்ளோ நேரம் எங்கய்யா போயிட்டே என் தட்டோட?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். நான் எங்கேயும் போகவில்லை மச்சான். அன்றைக்கு அந்த ஊரிலேயே எங்கேயும் போகாதவன் நான் ஒருவன்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒவ்வொரு நிமிஷமும் என் கண் அவளைத்தான் தேடியது, அதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள், பச்சை எங்கே தெரிந்தாலும் எக்கி எக்கிப் பார்த்தேன். அவள் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாளோ, வடத்தில் சிக்கிக்கொண்டாளோ என்று கண்டதையெல்லாம் நினைத்தேன். தூரத்தில் தேரை ஒட்டி யாரோ ஒருவன் பெரிய சிவப்பு பலூன் ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். சரியாக நான் முகங்களைத் தேடுகிற இடத்தில் அது வந்து மறைத்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அவனைத் திட்டினேன்.

நாலு மணிக்குத் தேர் நாலு தெருவும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. போலீஸ்காரர் என்னை ஓரம் தள்ளினார். ஊரே கத்துகிறது, பூ பறக்கிறது, கட்டைக்காரர்கள் கட்டையைப் போட்டார்கள், நான் காலையிலிருந்து காவல் காத்த குழியிலேயே சக்கரம் வந்து உட்கார்ந்தது. தூசி அடங்கியது. இடது பின்சக்கரத்துக்கு நாலடி தள்ளி உங்கள் தங்கை நிற்கிறாள். கையில் சிவப்பு பலூன்!

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழுதிருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது. "சொன்ன இடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு? நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், இந்த வயசுல உனக்குப் பலூன் ஒரு கேடா?" என்று நூறு பேர் முன்னால் கத்திவிட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போன குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என் போன் அடிச்சுதா?"

மனுஷன் உயிர் போய் உயிர் வந்து நிற்கிறான், போன் அடித்ததா என்று கேட்கிறாளே! இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன். "அடிச்சுது. பதினேழு தடவை அடிச்சுது. யாரோ ஏமாத்துக்காரன். ஒரு தடவைகூட நான் எடுக்கலையே!" என்று, அந்த அலைச்சலிலும் நிதானம் தவறாமல் இருந்ததைப் பெருமையாகவே சொன்னேன். இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. பலூன் கயிற்றை என் விரலில் கட்டினாள். விறுவிறுவென்று நடந்தாள். நான் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். "எங்க போறே?" என்று கேட்டேன். "எங்க அண்ணன் வீட்டுக்கு. அங்க கூப்பிட்டா ஏன்னு கேப்பாங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் மச்சான்? நாலு நாளாக யோசிக்கிறேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பிய பஸ்ஸில் பலூனோடு வந்த என்னை எல்லாரும் பேரனுக்கா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

ஆகவே, தேர் நகர்ந்தது என் குற்றமில்லை. மைக்காரர் என்னைத் தொலைந்தவனாக்கியதும் என் குற்றமில்லை. நான் சொன்ன இடத்தில் நின்றேன். அவள் எதற்குக் கோபித்துக்கொண்டாள் என்பது மட்டும் விளங்கவில்லை. நீங்கள் கேட்டு எழுதுங்கள். அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். உங்கள் தங்கைக்கு என்ன எழுதுவது என்று தெரியாததால் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்
தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் முன், அந்த ஏமாற்றுக்காரனுக்கு நாலு வார்த்தை கொடுத்தால் மனசு ஆறும் என்று அவள் போனிலிருந்து அந்த நம்பருக்கு நானே அடித்தேன். எடுத்தது ஒரு பலூன்காரர். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அந்தப் பச்சைப் புடவை அம்மாவோட வீட்டுக்காரரா? கிடைச்சிட்டீங்களா சார்?" என்றார். மச்சான், நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது இது. தேரோடு வியாபாரம் பண்ணிக்கொண்டு போனவரிடம் அவள் போனை வாங்கி, தெரிந்த ஒரே நம்பரான தன் நம்பருக்கே பதினேழு தடவை அடித்தாளாம். கட்டைக்காரர்கள் விரட்ட விரட்ட, "எங்க வீட்டுக்காரர் இந்தச் சக்கரத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று நாலு தெருவும் அந்தச் சக்கரத்தோடேயே நடந்தாளாம். அறிவிப்பைக் கேட்டு மேடைக்கு ஓடி, நான் இல்லாமல், மைக்கில் என்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்துக்கே ஓடி வந்தாளாம். தூரத்திலிருந்தே எனக்குத் தெரியட்டும் என்று பலூன்காரர்தான் தன்னிடம் இருந்ததிலேயே பெரிதாக ஒன்றை அவள் கையில் கட்டிவிட்டாராம். "அந்த அம்மா சாமியைப் பாக்கவே இல்லை சார். தேர் பக்கத்துலயே நடந்தாங்க, ஒரு தடவை நிமிந்து பாக்கலை. 'அவர் யார்கிட்டயும் வழி கேக்க மாட்டார், தண்ணிகூடக் கேக்க மாட்டார், அப்படியே நின்னுட்டு இருப்பார்'னு சொல்லிச் சொல்லி அழுதாங்க" என்றார்.

வரைபடத்தில் நீலக் கோடு போட்டுவிட்டேன். சிவப்புப் புள்ளிக்கு நூறு அடிக்குள் அது மூன்று தடவை வருகிறது. மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் காட்ட வேண்டாம், வரைபடத்தை மட்டும் காட்டுங்கள். கடிதம் வெள்ளிக்கிழமை கிடைக்கும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன், பலூன் காற்று இறங்கி முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். உங்கள் புது வீட்டுக்கு எப்படி வருவது என்று எனக்குத் தெரியாது மச்சான், அன்றைக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் இறங்கி யாரையாவது கேட்கிறேன். நீங்கள் என் நம்பரைத்தான் எடுப்பதில்லையே, அதனால் வழி சொல்கிறவரிடமே போனை வாங்கி அடிப்பேன். தெரியாத நம்பராக இருக்கும். அவளையே எடுக்கச் சொல்லுங்கள்.